வாடகை குறைந்தால் செலவு குறையுமா?
செங்கற்பட்டுக்குக் குடி போகும் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

"செங்கற்பட்டுப் பக்கம் வாடகை மலிவாம். அங்கே போய்விடலாமா?"

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் பல குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. முதல் தேதி வாடகைப் பணத்தை எண்ணும்போது கணவன் கேட்கிறான். பள்ளிக்கூடக் கட்டணம் கட்டும்போது மனைவி கேட்கிறாள்.

கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கற்பட்டு என்று ரெயில் பாதையை ஒட்டி வீடு தேடுகிறவர்கள் உண்டு. கோவளம், மாமல்லபுரம் என்று கடலோரமாகத் தேடுகிறவர்களும் உண்டு.

பட்டணத்தை விட்டுத் தள்ளிப் போனால் வாடகை குறையும். அது உண்மை. ஆனால் வாடகை ஒன்றுதான் குடும்பச் செலவா? ஒரு பக்கம் குறைகிற பணம் இன்னொரு பக்கம் வெளியே போகிறதா? அதைப் பார்க்காமல் சாமான்களை வண்டியில் ஏற்றக் கூடாது.

புதிய மாவட்டம்

செங்கற்பட்டு ஊர் பழையது. மாவட்டம் புதியது. 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து பிரிந்து செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன்பு கலெக்டர் ஆபீசில் ஒரு காரியம் என்றால் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இப்போது ஊரிலேயே கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. பஸ் கட்டணமும், ஒரு நாள் கூலியும் மிச்சம்.

செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. பெரிய நோய் என்றாலும் சென்னைக்கு ஓட வேண்டியது இல்லை என்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களில் சொந்த ஊர் உள்ளவர்களுக்கு, ஊர் போகும் பஸ் பக்கத்தில் வந்துவிட்டது.

இவை எல்லாம் வரவுப் பக்கம். இனிச் செலவுப் பக்கத்தைப் பார்க்கலாம்.

ரெயில் மலிவு, ரெயிலடிக்குப் போவது?

சென்னைக் கடற்கரை நிலையத்தில் இருந்து செங்கற்பட்டு வரை மின்சார ரெயில் ஓடுகிறது. தூரம் சுமார் 60 கிலோ மீட்டர். சாதாரண ரெயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 15 ரூபாய். மாதம் முழுவதும் போய் வர சீசன் டிக்கெட் 300 ரூபாய்க்குள் அடங்கும்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதே பாதையில் குளிர்சாதன மின்சார ரெயில் வந்தது. அதில் கடற்கரையில் இருந்து செங்கற்பட்டு வரை கட்டணம் 105 ரூபாய் என்று வைத்தார்கள். சாதாரண ரெயிலைப் போல ஏழு மடங்கு! வெயில் நேரத்தில் நாலு நாள் அதில் ஏறிப் பழகினால், சீசன் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

சாதாரண ரெயிலிலேயே போவதாக வைத்துக்கொண்டாலும் வீடு ரெயிலடியில் இருக்காது. வாடகை குறைந்த வீடு, நிலையத்தில் இருந்து இரண்டு, மூன்று கிலோ மீட்டர் தள்ளித்தான் இருக்கும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அல்லது சொந்த மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிள் என்றால் பெட்ரோல் போட வேண்டும். நிலையத்தில் வண்டி நிறுத்தக் காசு கொடுக்க வேண்டும். 60 கிலோ மீட்டர் ரெயில் பயணத்தைவிட, இந்த மூன்று கிலோ மீட்டர்தான் பையைக் காலி செய்யும்.

காரில் போகிறவர்களுக்குப் பரனூர் சுங்கச்சாவடி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரப் பாஸ் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. அப்போது அதன் விலை 3,000 ரூபாய். 200 பயணம் வரை போகலாம். தினமும் போய் வருகிறவருக்கு 200 பயணம் என்பது நாலு மாதம்தான்!

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சைதாப்பேட்டையில் 14,000 ரூபாய் வாடகை. கணவனுக்கு அருகிலேயே வேலை. செங்கற்பட்டில் அதே அளவு வீடு 8,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மாதம் 6,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும்.

இப்போது கழித்துப் பாருங்கள். கணவனுக்கு சீசன் டிக்கெட் 300 ரூபாய். நிலையம் போய் வர ஒரு நாளைக்கு 40 ரூபாய் வீதம் 25 நாளுக்கு 1,000 ரூபாய். பிள்ளைகள் முன்பு நடந்து போனார்கள். இப்போது பள்ளிக்கூட வேன். இருவருக்கும் 2,000 ரூபாய். குடிக்கக் கேன் தண்ணீர், புழங்க லாரித் தண்ணீரில் ஒரு பங்கு, சேர்த்து 700 ரூபாய். மொத்தம் 4,000 ரூபாய்.

ஆறாயிரத்தில் நாலாயிரம் போனால் மிச்சம் இரண்டாயிரம்.

அந்த இரண்டாயிரத்துக்குக் கணவன் என்ன கொடுக்கிறான்? போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நாளைக்கு மூன்று மணி நேரம். 25 நாளைக்கு 75 மணி நேரம்! விடியும் முன்பு கிளம்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புவான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொகை மாறும். கழிக்க வேண்டிய இனங்கள் மாறாது.

மனைவியின் சம்பளம்

பலர் மறந்துவிடும் கணக்கு ஒன்று உண்டு. மனைவியின் வேலை!

மேலே சொன்ன குடும்பத்தில் மனைவி தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். பஸ் செலவு போகக் கையில் 7,000 ரூபாய் நிற்கிறது. கடை அடைக்க இரவு ஒன்பது மணி ஆகும். சைதாப்பேட்டையில் இருந்தபோது பத்து மணிக்குள் வீடு வந்துவிடுவாள். செங்கற்பட்டு என்றால் நள்ளிரவு நெருங்கிவிடும். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

"வேலையை விட்டுவிடு. வாடகைதான் குறைந்துவிட்டதே!" என்பார்கள்.

வாடகையில் நின்ற மிச்சம் இரண்டாயிரம். அவள் சம்பளம் ஏழாயிரம். வேலையை விட்டால் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் நஷ்டம். சிக்கனத்துக்காகக் குடி மாறிய குடும்பம் கடனில் விழுவது இப்படித்தான்.

2021-ம் ஆண்டு மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. உள்ளூரிலேயே வேலை கிடைத்தால் அது பெரிய உதவி. ஆகவே, வீடு தேடும்போதே மனைவிக்கும் அங்கே வேலை தேட வேண்டும். வேலை கிடைத்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஏரி மாவட்டத்தில் தண்ணீர்

செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஊரை ஒட்டியே கொளவாய் ஏரி. தெற்கே மதுராந்தகம் ஏரி. பக்கத்தில் பாலாறு. இருந்தும் புதிய நகர்கள் பலவற்றில் கேன் தண்ணீரும், லாரித் தண்ணீரும் வாங்குகிறார்கள். ஏன்?

ஏரியில் தண்ணீர் இருப்பது வேறு. வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது வேறு. வீடுகள் முதலில் வருகின்றன. குடிநீர்க் குழாய் பல வருடம் கழித்து வருகிறது. அதுவரை போர்த் தண்ணீர்தான். கோடையில் போர் கையை விரித்தால் லாரிதான்.

தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு செலவு. தண்ணீர் அதிகமானால் இன்னொரு செலவு! 2015-ம் ஆண்டு டிசம்பர் மழையில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகள் வெள்ளத்தில் நின்றன. தாழ்வான இடத்தில் வாடகை குறைவாக இருக்கும். ஒரு வெள்ளத்தில் கட்டிலும், பீரோவும், குளிர்சாதனப் பெட்டியும் போனால் பல மாத மிச்சம் போய்விடும். சித்திரை வெயிலில் வீடு பார்த்துவிட்டு வந்தால் இது தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பார்க்க வேண்டும். அல்லது அந்தத் தெரு மளிகைக் கடைக்காரரிடம், "2015-ல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்க வேண்டும்.

கடலோரத்தில் என்ன செலவு?

செங்கற்பட்டில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டர் கிழக்கே மாமல்லபுரம். கடற்காற்று, கோவில்கள், குளிர்ந்த மாலை! பார்த்தவுடன் குடியிருக்க ஆசை வரும்.

ஆனால் மாமல்லபுரத்துக்கு ரெயில் கிடையாது. 300 ரூபாய் சீசன் டிக்கெட் இங்கே உதவாது. பஸ் அல்லது சொந்த வண்டி வேண்டும்.

இது உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வரும் ஊர். 1984-ல் இங்குள்ள சிற்பங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. 2022-ல் உலக சதுரங்க ஒலிம்பியாடு இங்கே நடந்தது. விருந்தாளி வரும் ஊரில் ஒரு அறையை நாள் வாடகைக்கு விட்டால் நல்ல காசு. அப்படி இருக்கும்போது மாத வாடகைக்கு ஏன் விட வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைக்க மாட்டாரா?

மனை வாங்கி வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். இது 2010-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தில் உள்ளது. இதைக் கேட்காமல் மனை வாங்கினால், மனை இருக்கும், வீடு இருக்காது.

கடலோரத்தில் உப்புக் காற்று இரும்புக் கம்பியைத் தின்றுவிடும். ஜன்னலுக்கு அடிக்கடி வர்ணம் பூச வேண்டும். 2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடக்கத் தொடங்கியது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீர் ஆக்கும் ஆலைகள் இருக்கின்றன. முதல் ஆலை 2013-ல் வந்தது; நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். இரண்டாவது ஆலை 2024-ல் வந்தது. 15 கோடி லிட்டர். இவை சென்னைக்காக அமைத்த ஆலைகள். பட்டணத்தை விட்டுக் கடலோரம் வருகிறவர் கேன் தண்ணீர் வாங்கும்போது, அந்தக் கடலின் தண்ணீர் பட்டணத்துக்குப் போகிறது!

முன்பணமும் மின்சாரமும்

வாடகைச் சட்டம் ஒன்று 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது அது. ஆகவே, கையெழுத்துப் போடும் முன்பு ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கொண்டு படித்துக் கேட்க வேண்டும்.

மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. ஆனால் வாடகை வீட்டில் தனி மீட்டர் உண்டா? அல்லது வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா? துணை மீட்டர் என்றால் அந்த 100 யூனிட்டின் பலன் குடியிருப்பவருக்கு வந்து சேராமல் போகலாம். இதை முதலிலேயே பேசி முடிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கணக்கு!

செங்கற்பட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல இது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வீட்டு விலை அதிகம். அங்கிருந்து பலர் கிழக்கே டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடி போகிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. டெக்சாசில் தனி மனிதர்களுக்கு மாநில வருமான வரி கிடையாது. வீடும் மலிவு. "லாபம்!" என்று போகிறார்கள்.

போன பிறகு தெரிகிறது, அங்கே சொத்து வரி அதிகம் என்று. பல ஊர்களில் பஸ் வசதி குறைவு. கணவனுக்கு ஒரு கார், மனைவிக்கு ஒரு கார். கோடை முழுவதும் குளிர்சாதன இயந்திரம் ஓடும். ஒரு வரி போய், வேறு செலவு வருகிறது. டாலர் ஆனாலும் ரூபாய் ஆனாலும் குடும்பக் கணக்கு ஒன்றுதான்.

யாருக்கு லாபம்?

அப்படியானால் செங்கற்பட்டுக்குப் போகவே கூடாதா? அப்படி இல்லை.

மறைமலை நகர்த் தொழிற்சாலையிலும், மகிந்திரா சிட்டியிலும், கல்பாக்கத்திலும், செங்கற்பட்டு ஆபீசுகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு லாபம்தான். வாடகையும் குறையும், பயண நேரமும் குறையும். வேலையில் ஓய்வு பெற்றவர்களுக்கும் லாபம்.

அவர்களும் ஒரு தொழிற்சாலையை மட்டும் நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது. மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையை மூடுவதாக 2021-ம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார்கள். 2022-ல் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் வேறு வேலை தேடினார்கள். வேலை நின்றாலும் வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை.

பட்டணத்திலேயே வேலையை வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். குடி போவதற்கு முன்பு ஒரு வாரம், காலை ரெயிலில் போய் மாலை ரெயிலில் திரும்பிப் பார்க்கட்டும். ஒரு நாள் மனைவியும் கூட வரட்டும். பார்க்கப் போகும் வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கட்டும். பிறகு கணவனும் மனைவியும் ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதட்டும். அந்த 75 மணி நேரத்தையும் மறக்காமல் எழுதட்டும்.

அதற்குப் பிறகும் மிச்சம் நின்றால், தாராளமாகப் பால் காய்ச்சலாம்!