மணலுக்குள் மகேசன்

மேட்டூர் அணையில் நீர் வற்றும் கோடையில், பண்ணவாடி ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தி தலை நீட்டுவதைச் சேலத்துச் சகோதரிகள் பலர் பார்த்திருப்பீர்கள். 1934-ல் அணை முடிந்தபோது தண்ணீருக்குள் போன கோயில் அது. அதே காவிரியின் கரையில் மணலுக்குள் போன கோயில்களும் உண்டு, தெரியுமா? மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் கொள்ளேகாலம் தாண்டி இன்னும் சற்றுத் தூரம் போனால் தலைக்காடு வந்துவிடும்.

காவிரி வளைந்து திரும்பும் இடம். ஆனால் கண்ணுக்கெட்டிய வரை மணல் மேடுகள்! கங்க மன்னர்களின் தலைநகரமாக இருந்த ஊர் இது. சோழர்கள் அதைப் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயரிட்டார்கள். பிறகு ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களை வென்று கீர்த்தி நாராயணருக்குக் கோயில் எழுப்பினான். இன்று அந்தத் தலைநகரம் மணலுக்கு அடியில்.

காரணம் ஒரு பெண்ணின் சாபம் என்பார்கள். 1610-ல் மைசூர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா, தன் நகைகளை ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தக் கொடுத்து வந்தவள். அந்த நகைகளைக் கேட்டு ஆட்கள் துரத்தவே, காவிரியில் குதித்தாளாம். தலைக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்கு வாரிசு இல்லாமற் போகட்டும் என்பது அவள் விட்ட சாபம். மைசூர் அரண்மனையில் பல தலைமுறைகள் தத்தெடுத்தது உண்மை. 2015-லும் தத்து நடந்தது. அப்படி வந்தவருக்கு 2017-ல் ஆண் குழந்தை பிறந்தபோது, சாபம் தீர்ந்தது என்று ஊரே பேசிக்கொண்டது.

ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் மாதவ மந்திரி கட்டிய அணைக்குப் பின் ஆற்றில் நீர் குறைந்து மணல் வெளிப்பட்டது. காற்று அதை அள்ளி ஊர்மேல் கொட்டியது. அப்படியானால் அலமேலம்மா பிறப்பதற்கு முன்பே மணல் வரத் தொடங்கிவிட்டது. ஆனாலும் மக்கள் காற்றைவிட அவளையே நினைவில் வைத்திருக்கிறார்கள். அநியாயம் செய்யப்பட்ட பெண்ணின் கண்ணீரை அவ்வளவு எளிதில் மறக்க முடியுமா?

வைத்தியநாதேசுவரர், பாதாளேசுவரர், மரளேசுவரர், அர்க்கேசுவரர், மல்லிகார்ஜுனர் ஆகிய ஐவரையும் தரிசிப்பது பஞ்சலிங்க தரிசனம். நாளும் நட்சத்திரமும் கூடினால்தான் அந்த விழா: 2009, 2013, 2020 ஆண்டுகளில் நடந்தது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டமில்லாத சாதாரண நாளில், வயதான மாமியாரையும் தாயாரையும் நிதானமாக அழைத்துப் போகலாம். ஒன்று மட்டும் கவனம்: காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். மல்லிகார்ஜுனர் இருப்பது முடுகுத்தொரைக் குன்றில். படி ஏற வேண்டும்.

பாதாளேசுவரரைக் காண மணல் மட்டத்திலிருந்து கீழே இறங்க வேண்டும். அள்ள அள்ள மணல் திரும்பி வரும். அதற்காக யாரும் அள்ளுவதை விட்டுவிடவில்லை. தினமும் வீடு பெருக்கும் நமக்கு இது புரியாதா என்ன!