பூனை யார்மீது கோபப்பட்டது?

உறக்கத்தில் கத்துகிறவர், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடுகிறவர், கட்டிலிலிருந்து பாய்ந்து தரையில் விழுகிறவர். இவர்களைப் பற்றி மனவளப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை ஒன்றையே சொல்கிறார்கள்: பகலில் அடக்கிய கோபம் இரவில் வெளிவருகிறதாம். கூட்டம் தலையாட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டு என் பொறுமை போய்விட்டது. இந்த ஒரு வாக்கியத்தால் அறுபது வயது மனிதர் தன் குடும்பத்தின் முன் குற்றவாளியாக நிற்கிறார். அவர் மூளையில் தொடங்கிவிட்ட நோயை யாரும் தேடுவதில்லை.

முதலில் கோபம். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக ஓடும் ரெம் உறக்கத்தை 1953இல் சிகாகோவின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உலகுக்கு அறிவித்தார்கள். அழுத்தமான கனவுகள் அப்போதுதான் அதிகம் வருகின்றன. மூளை ஏறக்குறைய விழித்திருப்பதுபோல் இயங்கும். ஆனால் விழித்தசைகள், மூச்சுக்கான உதரவிதானம் போன்ற சில நீங்கலாக, உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியிலிருந்து புறப்படும் உத்தரவு தண்டுவடம் வரை இறங்கி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினாலும் கால் ஓடாதது இதனால்தான்.

பிரான்ஸின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளின் அந்தப் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். 1965இல் அதை வெளியிட்டார். பூனை வழக்கம்போல் உறங்கியது. ரெம் கட்டம் வந்ததும் தலையைத் தூக்கியது, எழுந்தது, பதுங்கியது, இல்லாத இரையின்மேல் பாய்ந்தது, கண்ணுக்குத் தெரியாத எதிரியை முன்காலால் அறைந்தது. எதிரில் நடப்பதை அது கவனிக்கவே இல்லை. மூளை அலைகளோ அது உறக்கத்தில் இருப்பதையே காட்டின. அந்தப் பூனை எந்த மேலதிகாரியின் முன் வாய்மூடி நின்றது? எந்தச் சொந்தக்காரரிடம் பட்ட அவமானத்தை விழுங்கியது? அதன் மனதில் யாரும் கை வைக்கவில்லை. சிதைந்தது மூளைத்தண்டில் ஒரு சிறு இடம், அவ்வளவுதான். மேடையில் கோபக் கதை சொல்கிற ஒருவராவது இந்தப் பூனைக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

மனிதரிடமும் அதே கட்டு அவிழ்வதை மினியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்கும் மார்க் மஹோவால்டும் 1986இல் விவரித்தார்கள். இப்படிக் கட்டு அவிழ்ந்தவர்களின் கனவில் பெரும்பாலும் யாரோ தாக்க வருகிறார்கள், அல்லது விலங்கு துரத்துகிறது. மனைவியைக் காப்பாற்ற வீசிய கை மனைவிமேலேயே விழுகிறது. ஃபான்டினி குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், கனவில் அத்தனை மூர்க்கம் கண்டவர்கள் பகலில் மற்றவர்களைவிட மூர்க்கமாக இல்லை. ‘அடக்கியதால்தான் தெரியவில்லை’ என்பார்கள். கோபம் தெரிந்தாலும் சான்று, தெரியாவிட்டாலும் சான்று என்றால் அதற்குப் பெயர் அறிவியல் அல்ல.

பணி ஓய்வின் வெறுமை என்கிறார்கள். அந்த வயதில்தான் தலையும் நரைக்கிறது. ராத்திரி கனமான சாப்பாடு என்கிறார்கள். தண்டுவடத்துக்குப் போகும் உத்தரவை இரைப்பை நிறுத்துவதில்லை.

‘மனச்சோர்வு மாத்திரை போட்டால் அடங்கிவிடும்’ என்ற யோசனை ஆபத்தானது. அந்த மாத்திரைகளில் பலவும் ரெம் உறக்கத்தின் தசைக்கட்டைத் தளர்த்தக்கூடியவை. அவற்றைத் தொடங்கிய பிறகே கை வீச ஆரம்பித்தவர்கள் உண்டு.

‘வயதானால் அப்படித்தான்’ என்பவர்களுக்கு எண்களே பதில். வேறு நரம்பு நோய் இல்லாமல் இந்த உறக்கக் கோளாறு மட்டும் இருந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்ததை ஷெங்க் குழு 1996இல் எழுதியது. அவர்களில் தொடர்ந்து கவனிக்க முடிந்த 26 பேரில் 21 பேர் பார்க்கின்சன் வகை நோய்க்கோ மறதிநோய்க்கோ ஆளானதை 2013இல் எழுதியது. ரொனால்ட் போஸ்டுமா 2019இல் வெளியிட்ட ஆய்வு 24 மையங்களின் 1,280 பேரைப் பின்தொடர்ந்தது; 12 ஆண்டுகளில் அத்தகைய நோய் வரும் வாய்ப்பு 73.5 சதவீதம். பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் முதலில் படிந்து மேலேறுகிறது என்று 2003இல் ஹைகோ பிராக் சொன்னதோடு இது பொருந்துகிறது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கனவு கலைகிறது.

தடுக்க மருந்து இல்லையே, தெரிந்து என்ன பயன் என்பது கடைசி வாதம். மெலடோனின், குளோனசெபாம் இரண்டும் பலருக்கு இரவைத் தணிக்கின்றன. கட்டிலருகில் இருக்கும் கண்ணாடியையும் கூர்முனை மேசையையும் அகற்ற மருந்துச்சீட்டு வேண்டாம். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. இவர்களில் சிலருக்குப் பின்னாளில் வருவது லூயி பாடி மறதிநோய். அப்படி ஒருவர் மருத்துவமனையில் பிதற்றும்போது ஹாலோபெரிடால் ஊசி போட்டால் உடம்பு விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இருபது வருடமாகத் தூக்கத்தில் சண்டை போடுகிறவர் என்று வீட்டார் இரவுப்பணி மருத்துவரிடம் சொன்னால், ஊசிக்கு முன் அவர் ஒருமுறை யோசிப்பார். கோபக்காரர் என்று நம்பவைக்கப்பட்ட குடும்பம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறது.