சொண்டுக்கு ஊசி போட முதல்

எங்கட அறையில நாலு பேர். போன மாதம் ஒருத்தி ஃபோனை நீட்டிக் காட்டினாள். ஒரு பார்லரின் விளம்பரம்: சொண்டுக்கு ஃபில்லர், கலியாண சீசனுக்கு விசேட கழிவு. அக்காவின்ர கலியாணத்துக்கு முதல் போடப் போறாளாம். "நீ இருக்கிறபடியே வடிவுதான்" எண்டு சொன்னோம். சிரிச்சாள். அந்த வசனத்தைக் கேட்டு ஒருத்தரும் மனம் மாறினதில்லை எண்டு எங்களுக்கும் தெரியும்.

ஆகவே வடிவைப் பற்றி இங்கே வகுப்பெடுக்கவில்லை. தன்ர முகத்தை என்ன செய்வது எண்டது அவரவர் முடிவு. எங்கட கோபம், இதைப் புருவம் எடுக்கிற மாதிரி ஒரு சின்ன வேலையாக விற்கினம் எண்டதில. ஃபில்லர் ஒரு மருத்துவச் சிகிச்சை.

கனபேர் பொட்டொக்ஸையும் ஃபில்லரையும் ஒண்டாக்கிக் கதைக்கினம். பொட்டொக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர், தோலுக்குக் கீழே போய் இடத்தை நிரப்பும் ஜெல். கூடுதலாகப் பாவிக்கப்படுவது ஹையலூரோனிக் அசிட் ஜெல். எங்கட உடம்பிலேயே உள்ள பொருள்தான். ஆறு மாதம், ஒரு வருஷத்தில அது கரைஞ்சு போகும். அப்ப திரும்பவும் காசு. வீங்கிறதும் கண்டிப்போறதும் சில நாளில மாறும். (அதால கலியாணத்துக்கு முதல் நாள் போடுறது சுத்த மடத்தனம்.)

பயப்பட வேண்டியது வேறொண்டுக்கு. முகம் முழுக்க இரத்தக்குழாய்கள். ஜெல் தவறி ஒரு குழாய்க்குள் போனால் இரத்த ஓட்டம் அடைபட்டு, அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம். மூக்கிலும் புருவங்களுக்கு நடுவிலும் உள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடுத்திருக்கு. பார்வை போனவர்களும் இருக்கினம். அரிதுதான். ஆனால் நடந்தால் நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. ஊசி போட்ட இடம் வெளிறினால், வலை மாதிரி நீலம் பாய்ந்தால், தாங்க ஏலாத வலி வந்தால், கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி. "ஐஸ் வையுங்கோ, நாளைக்குச் சரியாகும்" எண்டு சொல்றவரை நம்பக் கூடாது.

ஹையலூரோனிக் அசிட்டைக் கரைக்க ஹையலுரொனிடேஸ் எண்ட மருந்து இருக்கு. ஊசி போடுற இடத்திலேயே அது இருக்கவேணும், பாவிக்கத் தெரிந்த டொக்டரும் இருக்கவேணும். சிலிக்கனை அப்படிக் கரைக்க ஒண்டும் இல்லை. 'ஊசி இல்லை, வலி இல்லை' எண்டு ரீல்ஸில வாற பேனா மாதிரிக் கருவியையும் நம்பாதேங்கோ. அமுக்கத்தால ஜெல்லைத் தோலுக்குள் தள்ளுற அந்தச் சாமானைப் பாவிக்க வேண்டாம் எண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இலேயே எச்சரித்தது. இங்கிலாந்தில அதே வருஷம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவதைச் சட்டத்தால தடுத்தார்கள்.

போறதெண்டால் கேளுங்கோ: ஊசி போடுறவர் இலங்கை மருத்துவ சபையில பதிந்த டொக்டரா? பெட்டியை எங்கட கண்முன்னால உடைப்பினமா? பொருளின்ர பெயரும் தொகுதி இலக்கமும் எழுதித் தருவினமா? கர்ப்பம், பாலூட்டல், ஒவ்வாமை, சொண்டில அடிக்கடி வாற கொப்புளம் எல்லாம் முதலே கேட்பினமா? கேட்க வெட்கமாத்தான் இருக்கும், அதுவும் கழிவு விலையில போகேக்க.

எங்கட ஆள் அந்தப் பார்லருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்: கரைக்கிற மருந்து வைத்திருக்கிறீங்களா?

"பயப்படாதேங்கோ டியர்" எண்டு பதில் வந்தது. கீழே திரும்பவும் விலைப்பட்டியல்.