லே கொரிஸ்த்: பாடத் தெரியாத பொடியனுக்கும் ஒரு இடம்

கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பின பிறகுதான் எங்களுக்குள்ள வாக்குவாதம் தொடங்கினது. ‘லே கொரிஸ்த்’ படம் எங்களை ஏன் அழ வைச்சது? அந்தப் பொடியன்களின் குரல்தான் எண்டு பாதிப் பேர். அது மட்டுமில்லை எண்டு மற்றப் பாதி. இதை எழுதுகிற நாங்கள் இரண்டாவது கட்சி.

கிறிஸ்தோஃப் பராத்தியே இயக்கிய இந்தப் பிரெஞ்சுப் படம் 2004இல் வெளிவந்தது. கதை நடப்பது 1949இல். அநாதைகளும் ‘அடங்காதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதன் பெயருக்கே ‘குளத்தின் அடி’ என்றுதான் அர்த்தம். அதிபர் ரஷானுக்குத் தெரிந்தது ஒரே கொள்கை: செயலுக்கு எதிர்ச்செயல். பிழை விட்டால் அடி, இல்லாட்டி தனி அறையில பூட்டு. அங்கே கண்காணிப்பாளராக வருகிறார் கிளெமான் மத்தியூ, இசையில் தோற்றுப்போன ஒரு மனுசன். வந்தவர் பொடியன்களை வைத்து ஒரு பாடகர் குழுவைத் தொடங்குகிறார்.

குரல் பார்த்து ஆள் பிரிக்கிற காட்சியை நாங்கள் திருப்பிப் போட்டுப் பார்த்தம். ஒரு பாட்டும் தெரியாத குட்டிப் பெப்பினோ குழுவின் துணை நடத்துநர் ஆகிறான். சுருதியே சேராத இன்னொருவன் இசைத்தாளைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிறான். சிரிப்பாத்தான் இருக்கு. ஆனால் ஒருத்தனையும் ‘நீ போ’ எண்டு சொல்லேல்லை. கூட்டுப் பாடலின் பலம் இதுதான் என்பது எங்கள் கருத்து. எல்லாருக்கும் ஒரே குரல் வேண்டாம், எல்லாருக்கும் ஒரு இடம் வேணும்.

குரலில் ஒன்றுமில்லை எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. மொராஞ்சாக நடித்த ஜான் பப்திஸ்த் மோனியே உண்மையிலேயே லியோன் நகரச் சிறுவர் குழு ஒன்றில் பாடியவர். புரூனோ கூலேயின் இசையில் அந்தக் குரல் மேலே போகும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் நாங்கள் உடைஞ்சது வேற இடத்தில. செய்த குழப்படிக்காகத் தனிப்பாடலை இழந்து ஒதுங்கி நிற்கிற மொராஞ்சை நோக்கி, கச்சேரியின் நடுவில் மத்தியூவின் கை நீளுதே, அந்த இடத்தில. தண்டனை முடிஞ்சுது, உள்ளுக்கு வா எண்டு சொல்லுற கை அது.

அந்தக் கை எட்டாத ஒருத்தனும் படத்தில இருக்கிறான். அவன் பெயர் மொந்தான். முரடன், ஆனால் குழுவுக்கு வேண்டிய கனத்த குரல் அவனிடம்தான் இருந்தது. பணம் களவு போனதும் விசாரணை ஒன்றுமில்லாமல் பழி அவன் தலையில விழுது. அடிபட்டு, பொலிசிட்டப் போறான். எடுத்தது வேறொரு பொடியன் என்பது பிறகுதான் தெரிய வருது. கடைசியில் பள்ளிக்கூடம் பற்றி எரியுது. தீ வைத்தது யார் என்பதைப் படம் உரத்துச் சொல்லாமலே எங்களுக்கு விளங்குது.

‘பாட்டு பிள்ளைகளைத் திருத்தும்’ எண்டு மட்டும் இந்தப் படத்தைப் பாராட்டினால் மொந்தானை இரண்டாம் தரம் வெளியில தள்ளின மாதிரி. பாட்டு ஒருத்தரையும் தானாகத் திருத்தாது. இடம் கிடைச்சவன் பாடினான். இடம் பறிக்கப்பட்டவன் எரிச்சான்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையில்லை. எங்கட பட்ச்சில கனபேர் நாளைக்கு ஆசிரியராகப் போறவை. உடல் தண்டனை வேண்டாம் எண்டு கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. ஆனாலும் ‘அடி வாங்கித்தான் நாங்கள் படிச்சம்’ எண்டு எங்களுக்குள்ளேயே பெருமையாச் சொல்லுற ஆக்கள் இருக்கினம். ரஷான் எங்கட வாயிலயும் இருக்கிறார்.

படத்தைப் பாருங்கோ. அழுகை வந்தால் அழுங்கோ. பிறகு ஒருக்கா யோசியுங்கோ: எங்கட வகுப்பில இசைத்தாளைப் பிடிக்கிறவன் ஆர், மொந்தான் ஆர்?