டிக் போட்டது யாரு?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லின்னு நம்ம பக்கம் முழுக்க தண்ணி. இந்த மாதிரி நேரத்துல எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு க்யூஆர் கோடு சுத்தும். "இது யார் அக்கவுண்ட்?"னு கேட்டா, "நல்ல காரியத்துக்குப் போய் கணக்கு கேக்குறியே"ன்னு நம்மளையே முறைப்பாங்க.

என் கருத்து நேரெதிர். கணக்குக் கேட்பதும் தர்மத்தோட ஒரு பகுதிதான்.

2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிச்ச உடனேயே போலி யுபிஐ ஐடி வந்துச்சு. அசலுக்கும் போலிக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். 'கேர்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'கேர்'. டெல்லி போலீஸ் எச்சரிச்ச பிறகு அதை முடக்கினாங்க. பிரதமர் பேரில் இருக்கிற நிதிக்கே இந்த நிலைமைன்னா, நம்ம தெருவுக்கு வர்ற க்யூஆர் எம்மாத்திரம்?

அதனால சில விஷயங்கள் பழக்கமாகணும். பின் நம்பர் போடுறதுக்கு முன்னாடி ஆப்ல வர்ற பேரைப் படிங்க. டிரஸ்ட் பேருக்குப் பதிலா தனி ஆள் பேர் வந்தா நிறுத்திடுங்க. பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்லை. "ரீஃபண்டுக்கு பின் போடுங்க"ன்னு யார் சொன்னாலும் அது மோசடி. அப்பா, அம்மா பழைய வரி முறையில் நன்கொடைக்கான வரிச் சலுகை கேட்கிறவங்கன்னா, டிரஸ்ட்டிடம் நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்கச் சொல்லுங்க. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா அந்தச் சலுகை கிடையாது. ஏமாந்துட்டா தாமதிக்காம 1930க்குப் போன் பண்ணணும். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இதெல்லாம் திருடன் விஷயம். எனக்கு அதைவிட உறுத்துறது, உண்மையான தளங்கள் செய்யுற வேலை. மருத்துவச் செலவுக்கு 500 ரூபாய் கொடுக்கப் போனா, நம்மளைக் கேட்காமலே தளத்துக்கு ஒரு 'டிப்' சேர்ந்திருக்கும். அதைப் பூஜ்யமாக்குற ஆப்ஷன் எங்கேயோ மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். "சர்வர் செலவு, கேட்வே கட்டணம் எல்லாம் யார் கட்டுவா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்போ வெளிப்படையா கேளுங்க, மனசிருக்கிறவங்க தருவாங்க. குழந்தை போட்டோவைப் பார்த்துக் கலங்கி நிக்கிறவன் கவனிக்க மாட்டான்னு கணக்குப் போட்டு வாங்குறதுக்குப் பேர் கட்டணமா?

2023 நவம்பர் 30ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 'டார்க் பேட்டர்ன்'களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணுச்சு. வாங்குறவர் சம்மதம் இல்லாம பில்லில் நன்கொடையைச் சேர்க்கிறதும் அதில் ஒண்ணு. 'வேண்டாம்'னு சொல்றவரைக் கூச வைக்கிற வாசகங்களும் அந்தப் பட்டியலில் இருக்கு.

ஆனா சட்டம் கோடு எழுதாது. எழுதப் போறது நாமதான். பிளேஸ்மென்ட் முடிஞ்சு, அம்பத்தூர் எஸ்டேட்லயோ ஓஎம்ஆர்லயோ உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் டாஸ்க் வரும்: "இந்த செக்பாக்ஸ் டிஃபால்ட்டா டிக் ஆகி இருக்கட்டும்." அன்னைக்கு மீட்டிங்ல "ஏன் சார்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. ஜூனியர் கேட்டா எடுபடுமான்னு தெரியாது. கேட்காம விட்டா, அந்த டிக்கைப் போட்ட கை நம்ம கைதான்.