கறுப்பு அங்கி சோறு போடுமா?

2017ல் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி வந்தது. செஞ்சிக் கோட்டை அடிவாரத்து ஏழைப் பிள்ளையும் வக்கீலாகலாம் என்ற நிலை பிறந்தது. பட்டம் சரி, பிழைப்பு?

சிவில் நீதிபதித் தேர்வெழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவம் தேவைதான். ஆனால், அந்த மூன்றாண்டும் கூலித் தொழிலாளியின் பிள்ளை எதைச் சாப்பிடுவது?

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என 2024ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை வயிற்றை நிரப்புமா?

சீனியர்களே! ஊரார் கூலிக்கு வாதாடும் நீங்கள், உங்கள் ஜூனியரின் கூலியை மறுப்பது எந்த நியாயம்? தராதவர்கள் மீது பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்கட்டும். இல்லையேல், நீதிபதி நாற்காலி வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே சொந்தமாகிவிடும்!