சாரைப்பாம்பின் மேல் சாட்டும் குற்றங்கள்

நம் குடியானவர்கள் கழனியிலும் களத்திலும் அடிக்கடி காணும் ஜந்துக்களுள், சாரைப்பாம்பைப்போல் மிகுதியாகப் பேசப்படுவதும் குறைவாக அறியப்படுவதும் வேறொன்றில்லை. அதனைக் குறித்து வழங்கும் கதைகள் பல நகைப்பூட்டுவன. ஆயினும், அக்கதைகளின் முடிவில் பெரும்பாலும் ஒரு தடி ஓங்கப்படுகிறது. அடிபட்டு மாள்வது பாம்பு. அதனால் நஷ்டமடைவது அடித்தவருடைய நெற்குதிர். ஆகையால், அதன்மேல் சாட்டப்படும் குற்றங்களை ஒவ்வொன்றாக விசாரித்தல் அவசியமென்பது என் அபிப்பிராயம்.

சாரை ஆண் என்றும், நாகம் பெண் என்றும், அவ்விரண்டும் கூடும் என்றும் சொல்வது நெடுங்கால வழக்கு. சில வருஷங்களுக்கு முன், ஒரு கிராமத்தில் விதைநேர்த்தி முறையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். திடீரெனக் கூட்டம் முழுவதும் எழுந்து ஏரிக்கரையை நோக்கி ஓடிற்று. அங்கே இரண்டு பாம்புகள் முறுக்கிய கயிறுபோல் பின்னிக்கொண்டு, எழுவதும் வீழ்வதுமாக இருந்தன. சுற்றி நின்ற மனிதரை அவை சிறிதும் பொருட்படுத்தவில்லை. பிணைந்த பாம்புகளின்மேல் புதுத்துணியை விரித்தெடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகும் என்பது பலருடைய நம்பிக்கை. ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் தோளிலிருந்த புதிய சரிகை அங்கவஸ்திரத்தை அவற்றின்மேல் வீசினார். பாம்புகளோ துணியோடு புரண்டு கருவேலம் புதருக்குள் புகுந்துவிட்டன. பின்னர் முள்ளிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, ஒன்றாயிருந்த அங்கவஸ்திரம் மூன்றாகப் பெருகியிருந்தது!

“இவற்றுள் எது நாகம், ஐயா?” என்று பெரியவர் என்னை வினவினார். “இரண்டும் சாரையே, இரண்டும் ஆண்” என்றேன். அவர் சற்றே யோசித்து, “அப்படியானால் நாம் பார்த்தது கல்யாணம் அன்று, பங்காளிச் சண்டை” என்றார். அதனினும் தெளிவாக எவரும் விளக்க இயலாது. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டு ஆண் சாரைகள் எதிர்ப்பட்டால், உடலின் முற்பகுதியை உயர்த்திப் பின்னிக்கொண்டு, ஒன்றன் தலையை மற்றொன்று தரையோடு அழுத்த முயலும். தோற்றது விலகிச் செல்லும். நாகமும் சாரையும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குள் கூட்டு நிகழ்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் ராஜநாகமோ சாரையைத் தன் முக்கிய உணவாகவே கொண்டுள்ளது.

அடுத்த குற்றம், இரவில் மாட்டின் காலைப் பின்னிக்கொண்டு பால் குடிக்கிறது என்பது. பாம்பின் வாயில் பின்னோக்கி வளைந்த கூரிய பற்கள் வரிசையாக உள்ளன. காம்பைக் கவ்வி உறிஞ்சுவதற்கேற்ற உதடோ நாவோ அதற்கில்லை. அப்பற்கள் மடியிற் பட்டால் எந்தப் பசுவும் அசையாமல் நிற்குமோ? தவிரவும், சாரை பகலில் இரைதேடி இரவில் ஒடுங்கும் பிராணி. அது கொட்டிலுக்கு வருவது, தவிட்டையும் பிண்ணாக்கையும் நாடிவரும் எலிக்காகவே. பால் குறைந்தால் தடியைத் தேடாமல் மடியைப் பரிசோதிக்க வேண்டும். மடிநோயோ, தீவனக் குறைவோ, இரவில் கட்டவிழ்ந்த கன்றோ காரணமாயிருக்கும்.

மூன்றாவது, அதன் வாலில் விஷம் உண்டு என்பது. சாரைக்கு வாலிலும் விஷமில்லை, பல்லிலும் விஷமில்லை. மூலையில் மடக்கப்பட்டால் கழுத்தைப் புடைத்துச் சீறும், கடிக்கவும் செய்யும். அக்கடியால் காயம் உண்டாகுமேயன்றி உயிருக்கு அபாயமில்லை. கழுத்தைப் புடைப்பதே அதற்கு வினையாகிறது. படமெடுக்கிறதென்று எண்ணி நாகமாகவே அடித்துவிடுகிறார்கள். சாரையின் கண் பெரியது; கழுத்து மெலிந்தது; உதட்டோரத்தில் கறுப்புக் கோடுகள் காணப்படும். ஆறு ஏழு அடி நீளம் சாதாரணமாக வளரும். ஐயமிருப்பின், அருகிற் சென்று ஆராயாமல் விலகி நிற்பதே விவேகம்.

இனி, அது செய்யும் ஊழியத்தைக் கவனிப்போம். கழனியெலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகளுக்குக் குறைவதில்லை. அக்குட்டிகளும் சில மாதங்களில் ஈனத் தொடங்குகின்றன. தின்பதோடு நில்லாமல், கதிர்களை அறுத்து வளைக்குள் சேமித்தும் வைக்கின்றன. கூகையும் பூனையும் வளைக்கு வெளியே காத்திருந்தே எலியைப் பிடிக்க இயலும். சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து, தாயையும் கண் திறவாத குட்டிகளையும் ஒருங்கே விழுங்கும். கூலியில்லாமல் இவ்வேலையைச் செய்யும் ஆளை எந்த மிராசுதாரர் வேண்டாமென்பார்?

“அது கோழிக்குஞ்சையும் முட்டையையும் தின்னுகிறதே” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மையே. பூச்சிகளைத் தின்னும் தவளைகளையும் அது பிடிக்கிறது. ஆனால், கோழிக்கூண்டுக்கு நெருக்கமான கம்பிவலை அடித்துவிட்டால் குஞ்சுகளைக் காக்கலாம். வளைக்குள் பெருகும் எலிக்கு எவ்வலை அடிப்பது? நஞ்சு வைப்பதும் முழுப் பரிகாரமாகாது. இரத்தத்தை உறையவிடாமற் செய்யும் நஞ்சுகளைத் தின்ற எலியை விழுங்கும் கூகை முதலியனவும் மடிகின்றன. காவற்காரர் மடிந்தபின் எலிகள் முன்னிலும் துணிவாகப் பெருகும்.

ஆகவே, நிலமுடையோர் செய்யத்தக்கவை சில உள. வரப்புகளைக் குறுக்கி, களையகற்றி, எலிக்கு இடமில்லாமற் செய்க. ஆனால், கிணற்றோரத்துக் கற்குவியலையும் தோப்பின் ஓரப் புதரையும் எரிக்காமல் சாரைக்கு விட்டுவைக்க. இரவில் கூகை அமர்வதற்கு வயலில் குறுக்குச்சட்டம் வைத்த கம்புகளை நடுக. பண்ணையாட்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாரையின் அடையாளங்களைச் சொல்லிக் கொடுக்க.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். 1972-ம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின்படி சாரையைக் கொல்லுதல் குற்றமாகும். இதைப் பலர் அறியார். வீட்டிற்குள் பாம்பு புகுந்தால், தீயணைப்புப் படையினருக்கோ வன இலாகாவினருக்கோ சொல்லியனுப்புமாறு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய 4 பாம்புகளே. அவற்றின் விஷத்தைக் கொண்டே விஷமுறிவு மருந்து தயாராகிறது. அவ்விஷத்தைச் சேகரித்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978-ம் வருஷத்தில் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் பணியாற்றிவருகிறது. எந்தப் பாம்பு கடிப்பினும், கடிவாயைக் கீறாமலும் மந்திரிப்பதில் காலம் கடத்தாமலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். நடுங்குவதில் தவறில்லை, நடுங்கி இரண்டடி பின்வாங்கினால் போதும், கண்ணால் நன்கு பார்க்க அவகாசம் கிடைக்கும். பார்த்தபின் அது சாரையெனத் தெரிந்தால், தடியைச் சுவரிற் சாத்திவிட்டு அதற்கு வழிவிடுக. அது பெரும்பாலும் உங்கள் எலிவளையை நோக்கியே போய்க்கொண்டிருக்கும்.